திறக்காத பக்கத்தில் ஒரு பெயர்

வந்த நேரம் முதல் மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் விழாத் தலைவர், வாசகர் மன்றத்தின் தூண் திருமலை அண்ணன் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் பெரியவர்களே, வேங்கிக்காலிலிருந்தும் அடி அண்ணாமலையிலிருந்தும் அடுப்படி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எப்போது முடிப்பாள் என்று பின்னால் நின்று முனகும் தம்பிமார்களே, உங்கள் முகங்களை நான் கண்டதில்லை, குரல்களை அறிவேன். அனைவருக்கும் கவிநிலாவின் வணக்கம்.

'வாசிக்கும் கருவிக்கு வயது ஒன்று' என்று விழா எடுத்து, வாழ்த்திப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். யாரை வாழ்த்துவேன்? எதை வாழ்த்துவேன்? நீங்கள் பிறந்தநாள் கொண்டாடும் அந்தக் கருவி செவ்வாய்க்கிழமையே நின்றுபோனதை இந்த மேடையில் ஒருவராவது சொன்னார்களா?

சலசலப்பு வேண்டாம். நான் சொல்கிறேன்.

பார்வையில்லாத நான் அரசு வேலைக்கான தேர்வு எழுதுகிறேன். இருமுறை எழுதினேன், இருமுறையும் தோற்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் முறை. "இதான் கடைசி. இதுலயும் ஆவலன்னா விட்டுடு" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

அச்சுப் புத்தகத்தை எனக்கு யார் படித்துக் காட்டுவது? அடி அண்ணாமலை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை இனியன் அதற்கு ஒரு வழி செய்தார். பகலெல்லாம் கணினி மையத்தில் ஊரார் விண்ணப்பங்களைத் தட்டித் தருபவர், ஓய்ந்த நேரத்தில் உருவாக்கிய கருவி அது. பக்கத்தைப் போனில் படமெடுத்தால் பழகிய தமிழில் படித்துக் காட்டும். காசு கேட்டாரா? இல்லை. கைதட்டு கேட்டாரா? இல்லை. செய்த விதத்தையும் மறைக்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்தார்.

தாய்மார்களே, அந்தக் கருவியின் வேலை என் போனுக்குள் அடங்காது. எங்கோ ஒரு பெரிய கணினி எந்நேரமும் ஓடவேண்டும். கிளவுட் என்பார்கள். இப்படிக் கூலியில்லாமல் பொதுவுக்கு உழைப்பவர்களுக்கென்று ஒரு நிறுவனம் அந்த இடத்தை இலவசமாகக் கொடுத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை, அதில் எந்தக் கடையின் விளம்பரமும் இருக்கக்கூடாது.

நம் ஊருக்கு அது ஆகுமா? குழல் விளக்கில் உபயம், குடிநீர்த் தொட்டியில் உபயம், கிரிவலப் பாதையில் உட்காரும் பலகையிலும் உபயம். மன்றத்துக்கு நாற்காலிகள் வாங்கித் தந்தார் பாத்திரக்கடை சக்கரவர்த்தி ஐயா. உடனே நம் தலைவர் இனியனை அழைத்தார்.

"தம்பி, இன்டர்நெட்டுல உன் கருவிக்குன்னு இருக்கற பக்கத்துல அவர் கடை பேரைப் பெருசா போட்டுடு."

"விளம்பரம் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்கண்ணே."

"எவன் வந்து பாக்கப் போறான்? போடு."

போட்டார். நிறுவனத்தார் பார்த்துவிட்டார்கள். எடுக்கச் சொல்லி எச்சரிக்கை வந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினார் இனியன். "வச்ச பேரை எடுத்தா பெரிய மனுசன் மனசு நோவாதா? ஜாஸ்தி பேசாத" என்றார் அண்ணன். அவருடைய கணினி மையத்தில்தான் இனியனுக்கு வேலை. பிறகு எப்படிப் பேசுவார்? செவ்வாய்க்கிழமை அந்த கிளவுட் இடத்தை நிறுவனத்தார் மூடிவிட்டார்கள்.

அண்ணே, மைக்கை வாங்க வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம்தான்.

என்ன தம்பி, வேறு ஆப் இல்லையா என்கிறீர்களா? போட்டுப் பார்த்தேன். என் பழைய புத்தகத்தின் மங்கிய அச்சில் அவை வரிவரியாக விழுங்கிவிடுகின்றன. நாங்கள் படித்துக் காட்டுகிறோம் என்கிறீர்களா அம்மா? போன முறையும் சொன்னீர்கள். ஒருவருக்கு நடவு வந்தது, ஒருவருக்குப் பௌர்ணமிக் கடை வந்தது. உங்களைக் குறை சொல்லமாட்டேன், உங்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. அதனால்தானே எனக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது?

முன்வரிசையில் யார்? சக்கரவர்த்தி ஐயாவா? சொல்லுங்கள்.

"எம்பேரு அங்க இருக்கறதே எனக்குத் தெரியாதும்மா. நான் அதைப் பார்த்ததே இல்ல. இப்பவே எடுத்துடச் சொல்லு."

கேட்டீர்களா சபையோரே? அவர் கேட்கவில்லை. அவர் பார்க்கவும் இல்லை. அவர் மனம் நோகுமோ என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட நமக்குத் தோன்றவில்லை. மரியாதை, மரியாதை என்று சொல்லியே கண்ணெதிரே இருந்த ஒரு நல்ல காரியத்தைக் கொன்றுவிட்டோம்.

ஐயா, உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பெயரை எடுத்துவிடுகிறோம், இடத்தைத் திரும்பத் தாருங்கள் என்று இனியன் அந்த நிறுவனத்துக்கு நேற்றே எழுதிக் கேட்டார். பரிசீலிக்க ஒரு மாதம் ஆகும் என்று பதில் வந்தது. வாடகைக்கு வேறு இடம் பிடிக்கலாம்தான். ஆனால் கருவியை அங்கே மறுபடி ஓட்ட நம் ஊரில் அவர் ஒருவரால்தான் முடியும். "எனக்கு வேணாங்கக்கா. இந்த ஊருக்கு ஒண்ணு செய்யறதுன்னாலே பயமா கீது" என்றார். பிறகு போனை எடுக்கவில்லை.

நம்பிக்கையோடு பேசி முடிக்கும்படி சொல்லி அனுப்பினார்கள். என்னிடம் நம்பிக்கை இல்லை. பாதிப் பாடம் படித்திருக்கிறேன், மீதிப் பாதி என் மேசையில் மூடியே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேர்வறையில் எனக்காக எழுதுபவர் ஒவ்வொரு கேள்வியாக வாசிப்பார். படிக்க முடியாமல் போன பாடத்திலிருந்து ஒன்று வரும். "தெரியலைங்க, அடுத்தது படிங்க" என்பேன். அடுத்ததும் அதிலிருந்தே வரும். அதற்கும் அதையே சொல்வேன். சொல்லிச் சொல்லி நேரம் முடிந்துவிடும்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வணக்கம்.