ஆசிட் ஊற்றிய பால்

ஐந்தாம் வகுப்போடு நின்று இரண்டு லொறிக்கு முதலாளியானவன் நான். இருந்தும் தெரணியகலை பஸ்ஸில்தான் போவேன். பேச்சு அங்கேதான் கிடைக்கும். நேற்று முன் சீட்டில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண் போனில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கம்ப்யூட்டர் வாத்தியார்.

“சேர், குவைத்துல இருக்கிற எங்க வீட்டுக்காரருக்கு மாமியாரப் பத்தி எழுதுறேன். நடுவுல யாராச்சும் படிச்சிருவாங்களா?”

“ஏலாது. போன் எழுத்தைக் குழப்பிப் பூட்டித்தான் அனுப்பும். ஆசிட் ஊத்தி உறைஞ்ச ரப்பரைத் திரும்பப் பாலாக்குவீங்களோ?”

“அப்ப அவரு எப்படிங்க படிப்பாரு?”

“திரும்பப் பாலாக்கிற மருந்து அவற்ற போனில மட்டும் இருக்கு.”

“அந்த மருந்த வேற யாரும் கண்டுபிடிக்கவே முடியாதுங்களா?”

“அப்பிடி ஒருத்தரும் நிரூபிக்கேல்லை. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஏலாமல் இருக்கு, அவ்வளவுதான்.”

“எங்க லயத்து வீட்டுக் கூரையும் இதுவரைக்கும் விழலதான். அதனால பத்திரம்னு தோட்டத்துத் தொரை சொல்றாரு.”

எழுதியதை எல்லாம் அழித்தாள். பிறகு போனை வாயருகே பிடித்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி பேசி அனுப்பினாள்:

“என்னாங்க, அத்தைய மாதிரி தங்கமான மாமியார் யாருக்குமே கெடைக்காதுங்க!”