பதினொரு கதிரைகள்

கூட்டத்துக்குக் கதிரை போடுவது எனக்குப் பிடித்த வேலை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டமென்றால் இரண்டு மணிக்கே ரியூசன் வாத்தியார் கூட்டத்துக்கு இரவல் தரும் கொட்டிலைத் திறந்து, பிளாஸ்ரிக் கதிரைகளை ஈரத்துணியால் துடைத்து அரைவட்டமாக வைத்துவிடுவேன். எத்தனை பேர் வருவார்கள் என்று மனதுக்குள் எண்ணி, அத்தனை மட்டும்தான் போடுவேன். நடுவில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தால் எனக்குப் பேச்சு வராது. நேற்று விசாரணையில் நீங்கள் கதிரைகளைப் பற்றிக் கேட்டீர்கள், ஐயா. அதனால்தான் இதில் தொடங்குகிறேன்.

பெயர் சிவராசா, வயது ஐம்பத்து மூன்று. மாங்குளம் சந்தியில் ரீவிக்கு டிஷ் பூட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். தனி ஆள். காலையில் ஒரு தடவை சமைத்தால் இரவு வரைக்கும் அதுதான். வன்னி வான்தோற்ற ஆய்வுக் கழகத்தை நான் தொடங்கிப் பத்து வருடமாகிறது. பறக்கும் தட்டு, வானத்து வெளிச்சம், பாழ்வீட்டில் கேட்கும் சத்தம் என்று காரணம் தெரியாத எதையும் விசாரித்துக் கொப்பியில் பதிவதுதான் எங்கள் வேலை. ஊரில் எனக்குத் 'தட்டுச் சிவராசா' என்று பெயர். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டீர்கள். தொண்ணூற்றெட்டில் நாங்கள் இடம்பெயர்ந்து முத்தையன்கட்டுப் பக்கம் இருந்தோம். ஒருநாள் மத்தியானம் வெள்ளியாய் ஒன்று வானத்தில் வந்து நின்றது. அந்த நாட்களில் வானத்தில் எது தெரிந்தாலும் பதுங்குகுழிக்கு ஓடுவதுதான் வழக்கம். எல்லோரும் ஓடினார்கள். நான் நின்று பார்த்தேன். அரைமணி நேரம் அசையாமல் நின்றுவிட்டுப் போய்விட்டது. ஒன்றும் போடவில்லை. என் தலைக்கு மேலே வந்து ஒன்றும் போடாமல் போனது அது ஒன்றுதான். அதன் பிறகு எனக்கு அதைப்பற்றிக் கதைக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். இவ்வளவுதான் காரணம்.

கழகத்தின் முதல் விதியை நான்தான் எழுதினேன்: எதைக் கண்டாலும் முதலில் சாதாரணக் காரணத்தைத் தேடு. புளியங்குளத்துப் பக்கம் தெரிந்த சிவப்பு வெளிச்சம் தொலைபேசிக் கோபுரத்து விளக்கு. பாழ்வீட்டில் அழுதது ஆந்தை. இப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க, வந்தவர்களும் ஒவ்வொருவராக வராமல் நின்றுகொண்டார்கள். கடைசியில் சுடலைமுத்து மட்டும் மிஞ்சினார். மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். உழைத்த களைப்பில் கூட்டத்தில் உட்கார்ந்தபடியே நித்திரையாகிவிடுவார். போன மாசி மாதம் இரண்டு ஞாயிறு அவரும் வரவில்லை. அந்த இரண்டு ஞாயிறும் நானே வரவேற்புரை சொல்லி நானே நன்றியுரையும் சொன்னேன். கொப்பியில் அதுவும் இருக்கிறது. வருகை: ஒன்று.

சித்திரையில் வெயில் கொளுத்தியபோது சுடலைமுத்து மாடு தேடிப் போன இடத்தில் வட்டத்தைக் கண்டார். ஆளில்லாத காணி. சுற்றிவரப் புல். நடுவில் பதினான்கு அடி அகலத்தில், கோல் வைத்து வரைந்தது மாதிரி ஒரு வட்டம். அதற்குள் ஒரு புல்லும் இல்லை. நான் போய் அளந்து படம் எடுத்து முகநூலில் போட்டேன். அடுத்த ஞாயிறு ஐந்து பேர். அதற்கடுத்தது எட்டு. கிளிநொச்சியிலிருந்து ஒரு ரீச்சர் பஸ் பிடித்து வந்தா. வைகாசி முடிய முன்பே கொட்டிலில் பதினொரு பேர் இருந்தார்கள். முடிந்த பிறகும் போக மனமில்லாமல் வாசலில் நின்று கதைத்தார்கள். சுடலைமுத்து நித்திரை கொள்வதையே விட்டுவிட்டார்.

வட்டத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மாடு மிதித்தது. பொடியன்கள் மோட்டார் சைக்கிளால் சுற்றினார்கள். வேலி போட எனக்கு வசதியில்லை. மருதடிக்குளத்து ஒற்றையடிப் பாதையில் மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடி எச்சரிக்கைப் போர்ட் இரண்டு இருந்தன. ஒன்று விழுந்து எழுத்து அழிந்துபோய்க் கிடந்தது. நின்றதைப் பிடுங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டுவந்து வட்டத்துக்குப் பக்கத்தில் நட்டேன். அடுத்த நாளிலிருந்து மாட்டுக்காரரும் அந்தப் பக்கம் வரவில்லை. குளத்தடியில் வெடி இருப்பது ஊருக்கே தெரியும். தெரிந்த விசயத்துக்குப் போர்ட் எதற்கு என்று நினைத்தேன். வெளியூர் ஆள் ஒருவர் அந்தப் பாதையால் போவார் என்று நான் நினைக்கவில்லை. இதுவரை சொன்னது முழுக்க உண்மை.

சிவலட்சுமி அக்கா ஆனி மாதம் வந்தா. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணியிருக்கும். செட்டிகுளத்திலிருந்து வருவதாகச் சொன்னா. கையில் ஒரு பை, காலில் றப்பர் செருப்பு.

"தம்பிதானே சிவராசா? என்ர காணிக்குள்ள மிதிவெடிப் போர்ட் நிக்குது. ஆர் நட்டதெண்டு கேக்க, எல்லாரும் உங்களைக் காட்டுகினம்."

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன். வட்டத்தைப் பற்றி விளங்கப்படுத்தினேன். படங்களைக் காட்டினேன். போர்ட்டை எங்கே பிடுங்கினேன் என்று மட்டும் சொல்லவில்லை. அவா படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தா. பல்லெல்லாம் தெரிய, நல்ல சிரிப்பு.

"ஐயோ தம்பி, உது எங்கட தண்ணித் தாங்கி. ரெண்டாயிரத்துப் பத்தில முகாமால வந்து குடியேறினநேரம் நிவாரணக்காரர் கிரவல் கொட்டி இறுக்கி அதுக்கு மேல வைச்சவை. முப்பது குடும்பம் அதிலதான் தண்ணி எடுத்தது, பிறகு எல்லாம் வேற இடத்துக்குப் போட்டுதுகள். கிரவலுக்க புல்லு முளைக்குமே?"

எனக்கு அது புதினமாக இருக்கவில்லை. முதல் நாளே மண்ணைக் கிண்டிப் பார்த்திருந்தேன். சரளைக்கல்லும் மண்ணுமாய்க் கிரவல் இருந்தது. கொப்பியில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அக்கா ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தா. நான் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். அந்தக் கடையில் என்னோடு இருந்து ஒருவர் தேத்தண்ணி குடித்து எத்தனையோ வருடமாகியிருந்தது. கணவர் முகாமிலிருந்து கொண்டுவந்த வருத்தத்தோடு இங்கே ஒரு வருடம்தான் இருந்தாராம். வைத்தியத்துக்காகத் திரும்பச் செட்டிகுளம் போய், அவர் செத்து, மகளோடு இருந்துவிட்டு, இப்போதுதான் காணியில் ஒரு சின்ன வீடு போட ஆசை வந்திருக்கிறது. "ராவைக்கு என்ன சாப்பிடுவீங்கள் தம்பி? ஆர் சமைக்கிறது?" என்று என்னைக் கேட்டா. அப்படி என்னை ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அவாவை நன்றாகப் பிடித்திருந்தது. அதையும் பதிந்துகொள்ளுங்கள்.

எழும்பும்போது சொன்னா: "மூண்டு மணிக்கு நானும் கூட்டத்துக்கு வாறன். உங்கட ஆக்களுக்கு நானே சொல்லுறன். பாவங்கள், வெய்யிலுக்க நிண்டு தண்ணித் தாங்கியைக் கும்பிடுதுகள்."

கேலிதான். மனதில் கள்ளமில்லாத மனுசி. ஆனால் சொல்லியிருப்பா. பதினொரு பேரும் சிரித்திருப்பார்கள். அடுத்த ஞாயிறு சுடலைமுத்து மட்டும் வந்து நித்திரை கொள்வார், அதற்கடுத்த ஞாயிறு அவரும் இல்லை. எனக்கு அது அப்படியே கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"அதுக்கு முதல் மருதடிக்குளத்தடியில கொஞ்சம் பாலைப்பழம் ஆய்ஞ்சுகொண்டு வாறன். பேத்தி கேட்டவள். முந்தி அங்க வெடிப் போர்ட் நிண்டது. இப்பவும் நிக்குதோ தம்பி?"

"இல்லை அக்கா. இப்ப போர்ட் இல்லை."

நான் பொய் சொல்லவில்லை. போர்ட் அங்கே இல்லை. எங்கள் பக்கத்தில் போர்ட்டை எடுத்தாயிற்று என்றால் வெடியையும் எடுத்தாயிற்று என்றுதான் சனம் விளங்கிக்கொள்ளும். அவாவும் அப்படித்தான் விளங்கிக்கொண்டா. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலுக்குச் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு போனா. வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். பிறகு போய்க் கொட்டிலைத் திறந்தேன்.

மூன்று பத்துக்குச் சத்தம் கேட்டது. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அது என்ன சத்தம் என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ரீச்சர் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தா. சுடலைமுத்து எழும்பிவிட்டார்.

"அண்ணே, இது மிதிவெடிங்க. குளத்துப் பக்கம். மாடோ மனுசனோ தெரியல. போய்ப் பாத்துட்டு வந்துடுறேன்."

நான் அவர் தோளில் கை வைத்து இருத்தினேன். "முதல் விதி என்ன? சாதாரணக் காரணத்தைத் தேடுவம். கல்லுடைக்கிற இடத்தில வெடி வைக்கினம். காலமை சொன்னவங்கள்," என்றேன். ஞாயிற்றுக்கிழமையிலுமோ என்று ஒருவர் கேட்டார். ஓம் என்றேன். பத்து வருடமாக அவர்களுக்குச் சாதாரணக் காரணங்களையே சொல்லி வந்தவன் நான், அதனால் நம்பினார்கள். கொப்பியில் 'மூன்று பத்து, சத்தம், கல்லுடைப்பு' என்று எழுதிவிட்டு வட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அன்றைக்கு மாதிரி நான் ஒருநாளும் பேசியதில்லை. ரீச்சர் குறிப்பெடுத்தா. கூட்டம் நான்கரைக்கு முடிந்தது. இடையில் ஒருவரும் எழும்பவில்லை.

அக்காவை மகளின் ஆட்கள் பொழுதுபடும் நேரத்தில் தேடிக் கண்டெடுத்தார்கள். போர்ட் முதலில் எங்கே நின்றது என்று உங்களுக்குச் சொன்னது சுடலைமுத்துதான் என்று எனக்குத் தெரியும். அவர் மாடு மேய்க்கும்போது அதைத் தினமும் பார்த்தவர். அவரில் எனக்குக் கோபமில்லை. இப்போது கடைப்பக்கம் வருவதில்லை, அது மட்டும்தான் வருத்தம். வெடித்த பிறகு அக்கா ஒரு மணித்தியாலமாவது உயிரோடு இருந்திருப்பா என்று டொக்டர் எழுதியதை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அந்த ஒரு மணித்தியாலமும் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

எச்சரிக்க மறந்துபோனேன் என்று மூன்று நாளாக உங்களிடம் சொன்னேன். எனக்குள்ளேயும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கவனமாகப் பார்த்து நடந்திருப்பா, பழத்தோடு வந்துவிடுவா என்று நான் காத்திருந்ததாகக்கூட எனக்கு ஞாபகம் இருந்தது. வாசலை இரண்டு தடவை எட்டிப் பார்த்ததாகவும் ஞாபகம். நேற்று நீங்கள் ரியூசன் வாத்தியாரின் வாக்குமூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு எத்தனை கதிரை எடுத்தாய் என்று கேட்டீர்கள். அது ஒரு சின்னக் கேள்வி. இரவு முழுக்க அதை நினைத்துக்கொண்டு இருந்தேன்.

அக்கா மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் நான் கதிரைகளைத் துடைத்தேன். நிதானமாக எண்ணித்தான் எடுத்தேன். கொட்டிலில் இன்னும் கதிரைகள் இருந்தன. பதினொரு பேருக்குப் பதினொன்று போட்டேன், நான் நின்றுகொண்டு பேசுகிறவன். அவாவுக்குக் கதிரை போடவில்லை.