சின்னவனுக்கு ஓர் இடம்

எங்கள் வீட்டில் செருப்பு வாங்குவதென்றாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். நாலு கடை ஏறி இறங்காமல் நான் எதையும் எடுக்க மாட்டேன். தையலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். கடைக்காரர் முகம் கோணினால் கோணட்டும். அதனால் தம்பியைப் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பது என்று முடிவானதும், இடம் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. "அக்கா பாத்தா சரியா இருக்கும்," என்று அவனே சொன்னான். அவனைச் சின்னவன் என்போம். முப்பது தாண்டியும் அந்தப் பேர் போகவில்லை.

முதலில் பார்த்த மையம் நல்ல இடம். அதை மறைக்கப் போவதில்லை. அங்கேயே தங்கியிருந்த டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: "மாத்திரைன்னா ஒரேயடியா நிறுத்த மாட்டோம், கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைப்போம். அப்புறம் குடும்பத்தோட உக்காந்து, இது எங்க ஆரம்பிச்சதுன்னு பேசுவோம். எல்லாரும் வரணும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். அங்கே ரொம்ப இடம் கொடுக்கிறார்கள், இவன் ஏமாற்றிவிடுவான் என்று வீட்டில் சொன்னேன். நான் பார்த்தால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மா பக்கவாதத்தில் விழுந்த பிறகு அவளைத் தூக்கி, துடைத்து, ஊட்டியதெல்லாம் சின்னவன்தான். எனக்கு டியூட்டி, பிள்ளைகள், வீட்டுக்காரர். ஒருநாள் அவன், வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றான். தூக்கமே இல்லை, நெஞ்சு படபடக்கிறது, இனி முடியாது என்றான். வார்டில் நோயாளிகள் விட்டுப்போகும் தூக்க மாத்திரைகளை மருந்தறையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அட்டையிலிருந்து பிரித்து, பொட்டலமாகத்தான் கொடுப்பேன். பேர்கூட அவனுக்குத் தெரியாது. படபடப்பு அடங்கியது. வேலைக்குப் போகும் பேச்சும் அடங்கியது. இரண்டாவது அடங்கியதில்தான் எனக்கு நிம்மதி. அவன் கேட்கக் கேட்கக் கூட்டிக் கொடுத்தேன்.

அம்மா போன பிறகு எனக்கு அவன் தேவைப்படவில்லை. அவனுக்கு மாத்திரை தேவைப்பட்டது. கூட்டாளிகள் கெடுத்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

நான் தேர்ந்தெடுத்த மையம் ஒரு பழைய கிடங்கு. டாக்டர் கிடையாது, உள்ளே இருப்பவர்களுக்குப் போன் கிடையாது, வீட்டார் பார்க்கவும் வரக்கூடாது. அங்கே இருந்த ஒருவருடைய கணுக்காலில், சங்கிலி உரசிய மாதிரி, சுற்றிலும் தோல் உரிந்திருந்தது. "பேச்சு கீச்செல்லாம் இங்க இல்லம்மா. கேட்டப் பூட்டினா தானா வழிக்கு வருவாங்க," என்றார் பொறுப்பாளர். பார்க்காமல் சேர்த்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பார்த்தேன்.

சேர்க்கும்போது, "என்ன பழக்கம்?" என்று கேட்டார். எங்கள் வார்டில் ஷிப்ட் மாறும்போது, அடுத்து வரும் நர்ஸோடு ஒவ்வொரு கட்டிலாக நின்று, இவருக்கு என்ன மருந்து போகிறது என்று வாய்விட்டுச் சொல்லாமல் நான் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. ஒருமுறை அதைத் தவறவிட்ட புது நர்ஸை அழவைத்திருக்கிறேன். பொறுப்பாளரிடம் நான், "குடி," என்றேன். சின்னவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். மாத்திரை என்றால், யார் கொடுத்தது என்று அடுத்த கேள்வி வருமே.

அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும். வலிப்பு நிற்காவிட்டால் ஆளே போய்விடலாம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. தெரியும்.

சில நாளில், நான் வார்டில் இருந்தபோது பொறுப்பாளர் போன் செய்தார். அவர் குரலில் பழைய மிடுக்கு இல்லை. "உங்க தம்பிக்கு வேர்த்துக் கொட்டுதும்மா, கை நடுங்குது. ஏதோ மாத்திரை விட்டதால வருதுங்கறாரு. பேரு தெரியல, அக்கா நர்ஸு, அவங்களக் கேளுங்கங்கறாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவா?"

ஒரு பேரைச் சொல்லியிருந்தால் போதும். "அவன் நல்லா நடிப்பான். இரக்கப்பட்டுடாதீங்க," என்றேன். போனை வைத்துவிட்டு, ஒரு பெரியவருக்குத் தலையணையைச் சரிசெய்தேன். அவர் என்னை நல்லா இரும்மா என்று வாழ்த்தினார்.

மறுநாள் உடலை வாங்கப் போனேன். சின்னவனோடு ஒரே அறையில் இருந்த பெயிண்டர் ஒருவர் அழுதுகொண்டே என்னிடம் வந்தார்.

"உங்க பேச்சுதாம்மா எப்பவும். மாத்திரை எப்படிக் கெடச்சுதுன்னு கேட்டேன். 'அக்கா பையிலேருந்து திருடினேன். அவங்களுக்கு எதுவும் தெரியாது. வெளிய சொல்லிடாதீங்கண்ணே, அவங்க வேலை போயிடும்'னாரு."

அந்த நல்ல மையத்தில், குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்டிருந்தாலும் அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டான். இந்த ஒன்றை மட்டும் நான் பார்க்கத் தவறிவிட்டேன். உங்கள் முன்னால் தலை நிமிர்த்த முடியவில்லை. ஆனால் அன்று நிமிர்ந்துதான் நின்றேன்.

பெயிண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், உங்களுக்கு எதுவும் தெரியாதுல்லம்மா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.