ஆள் நுழையாத அறை

இருபத்தாறு வருடத்தில் நான் வேலைக்குத் தாமதமாகப் போனது ஒரே ஒரு நாள்தான். அன்று பனிப்புயலில் டி மாய்ன் நகரமே முடங்கிக் கிடந்தது. அப்போதும் ஒன்பது நிமிடம்தான் தாமதம். இன்றைக்கும் நீங்கள் பத்து மணி என்றீர்கள், பத்து மணிக்கு வந்துவிட்டேன். வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். குறுக்கே பேசாமல் கேட்டீர்களானால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம்.

என் பெயர் லார்னா புரூயிட். மக்காச்சோள விதை விற்கும் நிறுவனத்தில் கட்டடச் செலவுகளுக்கு பட்ஜெட் போடுகிறவள். மூன்று வருடத்துக்கு முன்னால், கணினிகளை வாடகை இடத்தில் வைத்திருந்தது போதும், சொந்தமாக ஒரு டேட்டா சென்டர் கட்டிக்கொள்ளலாம் என்று எங்கள் இயக்குநர்கள் முடிவு செய்தார்கள். எவ்வளவு ஆகும் என்று என்னைக் கேட்டார்கள். பதினோரு வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கேபிளுக்கும் ஒவ்வொரு குளிர்சாதனத்துக்கும் விலை விசாரித்து, நாற்பத்தோரு மில்லியன் டாலர் என்று சொன்னேன்.

ரோலண்ட் டைக்ஸ்ட்ரா எங்கள் தலைமைப் பொறியாளர். கூட்டத்தில் என் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"இந்தக் காசுக்கு மாட்டுக்கொட்டகைதான் கட்டலாம் லார்னா. வேணும்னா அதுக்கு ஏசி போட்டுக்கலாம்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் எனக்கு வைத்திருந்த பெயர் கத்திரிக்கோல். நான் அறைக்குள் நுழைந்தால், "கத்திரிக்கோல் வந்தாச்சு, விரலை மடக்கிக்குங்கப்பா" என்பார். என்னுடைய இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு வெட்டிய கேக்கில்கூடச் சர்க்கரையில் ஒரு கத்திரிக்கோல் செய்து வைத்திருந்தார்கள். நான் அதில் ஒரு துண்டு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இதே டைக்ஸ்ட்ரா முன்பு கட்டிய ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சொன்னதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவானது. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஏன் கூடியது என்று இயக்குநர்கள் முன்னால் நாற்பது நிமிடம் நின்று பதில் சொன்னவள் நான். செலவழித்தவருக்குக் கைதட்டல், செலவைச் சொன்னவளுக்குத் திட்டு. அந்த வருடம் எனக்கு வர வேண்டிய நிதித்துறைத் துணைத்தலைவர் நாற்காலியில் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அவருக்கு நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன்.

அதனால் இந்த முறை நாற்பத்தொன்று என்றால் நாற்பத்தொன்றுதான். இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் இரும்பு விலை ஏறியது. ஆறு லட்சம் டாலரை வேறெங்கிருந்தாவது வெட்டியாக வேண்டும். முன்கூடத்தில் ஒரு கண்ணாடிச் சுவர் வருவதாக இருந்தது. வருகிற விருந்தாளிகள் அதன் வழியாகக் கணினி வரிசைகளில் விளக்குகள் மினுக்குவதைப் பார்க்கலாம். வேறு எதற்கும் பயனில்லை. அதை எடுத்தாலே போதும் என்று தலைவர் கர்டிஸ் லண்டிடம் சொன்னேன்.

"கண்ணாடியில மட்டும் கை வைக்காதே. அது என் ஆசை. மத்தபடி எங்க வேணாலும் வெட்டிக்கோ, நான் கேக்கவே மாட்டேன்," என்றார்.

அவர் கேட்கவேயில்லை. அந்த ஒரு விஷயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பேட்டரி அறை. மின்சாரம் போனால் கணினிகளைத் தாங்குவது அந்த பேட்டரிகள்தான். அங்கே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற முடியாது என்பதால் கரியமில வாயுவைத் திறந்துவிடும் ஏற்பாடு. தீக்குக் காற்று கிடைக்காமல் செய்கிற வாயு அது. உள்ளே மனிதர் இருந்தால் அவருக்கும் கிடைக்காது. அதனால் வாயு வருவதற்கு முன்னால் சைரன் ஒலிக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் ஓடி வெளியேற அரை நிமிட அவகாசம் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு எண்பத்தெட்டாயிரம் டாலர். வேறு சில இனங்களையும் வெட்டினேன். உங்களுக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

தீப் பாதுகாப்பு விதிப்புத்தகத்தை வாங்கி ஒரு சனிக்கிழமை முழுக்கப் படித்தேன். ஆட்கள் வந்துபோகும் அறைக்குத்தான் சைரன் கட்டாயம். வரைபடத்தில் அந்த அறைக்கு நேரே "பராமரிப்பு ஆட்கள் வந்துபோகும் அறை" என்று இருந்தது. அதை "ஆள் நுழையாத அறை" என்று மாற்றச் சொல்லி ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சைரனை இரண்டாம் கட்ட வேலைகளில் சேர்த்தேன். இரண்டாம் கட்டம் என்று ஒன்று கிடையாது. எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

நான்காவது நாள் டைக்ஸ்ட்ரா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"ஆள் நுழையாத அறையா? அப்போ பேட்டரிக்கு நட்டு இறுக்க யாரு வருவாங்க லார்னா, பேயா?"

கதவில் எச்சரிக்கைப் பலகை மாட்டலாம் என்றேன்.

"சைரன் இல்லாம வாயு திறந்தா ரெண்டு மூச்சுதான். மூணாவது மூச்சுக்கு ஆள் இருக்க மாட்டான். பலகையைப் படிச்சுக்கிட்டா நிப்பான்?" அப்புறம் அவர் குரல் தணிந்துவிட்டது. "உன்னைச் சொல்லித் தப்பில்ல. உனக்கு இதெல்லாம் புரியாது. நீ காசை எண்ணு, போதும்."

திட்டியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தணிந்த குரலைத்தான் மறக்க முடியவில்லை.

இயக்குநர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். செலவு சம்பந்தப்பட்ட கடிதம் எதுவும் என் மேசை வழியாகத்தான் போகும். அது போகவில்லை. பதில் வராததைப் பார்த்துவிட்டு அவர் வாயு வால்வை மூடி, அதற்குத் தன் கையால் ஒரு பூட்டுப் போட்டு, "என்னைக் கேட்காமல் திறக்காதே" என்று சிவப்புச் சீட்டையும் கட்டினார். சைரன் வரும்வரை வாயுவும் கிடையாது என்று நடைபாதையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னார்.

கட்டடத்தைக் காப்பீடு செய்யும் கம்பெனியிலிருந்து ஏப்ரல் கடைசிச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குச் சோதனைக்கு வருவதாக இருந்தது. வாயு வேலை செய்யும் நிலையில் இல்லாவிட்டால் காப்பீட்டுத் தொகை இரண்டு லட்சம் கூடும், நாற்பத்தொன்று தாண்டிவிடும். பூட்டைத் திறக்கச் சொல்லி இரண்டு முறை டைக்ஸ்ட்ராவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "கத்திரிக்கோல் முதலில் சைரன் வாங்கட்டும்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதை அலுவலகத்தில் இன்னும் பதினான்கு பேருக்கும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகச் சாவிப் பெட்டியிலிருந்து அந்தப் பூட்டின் மாற்றுச் சாவியை எடுத்தேன். பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதினேன். நான் எதையும் ஒளிக்கவில்லை. பத்து பத்துக்குக் கீழ்த்தளத்தில் பேட்டரி அறைக்குப் பக்கத்தில் வாயு உருளைகள் இருக்கும் அறைக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, வால்வைத் திருப்பினேன். சிவப்புச் சீட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, முன்கூடத்தில் சோதனைக்காரருக்காகக் காத்திருந்தேன்.

பத்து இருபத்தாறுக்கு வாயு திறந்தது. பேட்டரி அறைக்குள் மெர்ல் ஓக்ஸ் இருந்தார். ஒப்பந்தக்காரர் அனுப்பிய எலெக்ட்ரீஷியன், வயது நாற்பத்தேழு. டைக்ஸ்ட்ரா தன் சொந்தப் பணத்தில் ஒரு சைரன் வாங்கியிருந்தார். அதை மாட்டத்தான் ஓக்ஸ் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். திருகாணி எடுக்க வண்டிக்குப் போயிருந்த டைக்ஸ்ட்ரா திரும்பி ஓடிவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு முறை உள்ளே போனார். இரண்டாவது முறை ஓக்ஸை இழுத்து வந்தார். பயனில்லை. டைக்ஸ்ட்ராவே ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார்.

அடுத்த மாதம் ஓக்ஸின் மனைவி ஜனேல் அலுவலகத்துக்கு வந்தார். கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்று கர்டிஸ் லண்டை அந்த அம்மாள் கேட்ட கேள்விகளை நான் இங்கே சொல்லப்போவதில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"சாவி எடுத்தது நீங்கதானே? உள்ள ஆள் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? எனக்கு அது ஒண்ணு போதும்."

எனக்கு இயந்திர விஷயங்கள் தெரியாது என்றேன். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். அவருக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டைப் புதிய துணைத்தலைவர் கட்டுமானக் கணக்கில் எழுதினார். அப்படி எழுதக் கூடாது என்று மூன்று முறை கேட்டேன். கட்டடம் முடிந்த அன்று செலவு நாற்பத்தோரு மில்லியனுக்குள்தான் இருந்தது. அதற்கப்புறம் தாண்டவைத்தது நானில்லை.

போன வாரம் உங்கள் விசாரணை அறிக்கை கைக்கு வந்தது. டைக்ஸ்ட்ராவின் வாக்குமூலத்தை அதில் படித்தேன். என்னைக் குற்றம் சொல்லியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் இங்கே வந்திருக்க மாட்டேன். "அவள் கெட்டவள் இல்லை, பாவம். அந்த வால்வு என்ன செய்யும் என்று அவளுக்குப் புரிந்திருக்காது. நான்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்," என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி நீங்களும், நான் தெரியாமல் திறந்துவிட்டதாக எழுதி முடித்துவிட்டீர்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

நான் போனபோது வாசலில் டைக்ஸ்ட்ராவின் வண்டி நின்றது. உருளை அறையில் நிற்கும்போது சுவருக்கு அந்தப்புறம் துளைபோடும் சத்தம் கேட்டது. சத்தம் நின்றது. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் மெர்ல்," என்று டைக்ஸ்ட்ராவின் குரல். மறுபடி இயந்திரம் ஓடியது. கான்கிரீட்டில் துளை போட்டால் தூசு எழும். தூசு போதுமான அளவு சேர்ந்தால் அதைப் புகை என்றே தீயைக் கண்டறியும் கருவி எடுத்துக்கொள்ளும். வாயு உடனே திறக்கும். இவ்வளவும் அந்த விதிப்புத்தகத்தில் அறுபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அடிக்கோடு போட்டுப் படித்திருக்கிறேன். சுவரோரம் நின்று இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் சாவியைப் போட்டேன்.

அறிக்கையில் மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. "தெரியாமல்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.