மோகனாவின் இடது கெண்டைக்கால்

முதல்முறை மசாஜுக்கு வருகிறவர்களுக்கு இருக்கும் பெரிய கவலை, எவ்வளவு உடுப்பைக் கழற்ற வேண்டும் என்பதுதான். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான்தான் எடுத்துச் சொல்வேன்: உங்களுக்கு எது வசதியோ அதுவரை போதும், மேலே துண்டு போர்த்தியிருக்கும், வலித்தால் சொல்லுங்கள், நடுவிலேயே நிறுத்திவிடலாம். ஆயர் ஈத்தாம் சந்தைக்கு எதிரே மாடியில் இருக்கும் எங்கள் கடையில் இதை என் அளவுக்குப் பக்குவமாகச் சொல்ல ஆள் கிடையாது, இன்ஸ்பெக்டர்.

நான் எப்போதும் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவள் அல்ல. பதினான்கு வருடம் கையால் உழைத்தவள். கட்டைவிரல் இரண்டும் தேய்ந்து, காப்பிக் கோப்பையைத் தூக்கினால்கூட வலிக்கும் நிலை வந்தபோது முதலாளி என்னை மேசைக்கு மாற்றினார். என் இடத்துக்குக் காமினி வந்தாள். சுங்கை பினாங்கிலிருந்து பஸ் பிடித்து வரும் இருபத்தேழு வயதுப் பெண். மூன்றே மாதத்தில் என்னுடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அவள் பக்கம் போய்விட்டார்கள்.

"கேத்தரின் அக்கா, காமினி ஃப்ரீயா இருக்காளா?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். நான் சிரித்துக்கொண்டே நேரம் பார்த்துச் சொல்வேன். வயிறு எரியும். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

மோகனா போன செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். பள்ளி ஆசிரியை, முதல்முறை வருகிறவர். நோய், ஆப்பரேஷன், கர்ப்பம், வீக்கம் என்று கேட்டுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆறு வாரம் இடது காலில் கட்டுப் போட்டிருந்தாராம்.

"கட்டுப் பிரிச்சு நாலு நாளாச்சுக்கா. கெண்டைக்கால் மட்டும் வீங்கிப்போயி, சூடா வேற இருக்கு லா," என்றார்.

புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடுதான். சிவந்திருந்தது, வலது காலைவிடத் தடித்திருந்தது. உள்ளே ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம், கை வைக்காதே, ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம். அப்படி மூன்று பேரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

படிவத்தில் வீக்கம் என்ற இடத்துக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன். காமினியிடம், இடது கெண்டைக்காலில் தசை பிடித்திருக்கிறது, ஆழமாக அழுத்து என்றேன்.

பத்து நிமிடத்தில் அவள் எண்ணெய்க் கையோடு வெளியே வந்தாள். "அக்கா, கால் ரொம்ப சூடா இருக்கே. ஃபார்ம்ல ஒன்னும் போடலியே?"

அவளுக்கு அந்தப் புத்தி இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "நான் பாத்துட்டேன். கட்டுப் போட்ட கால் அப்படித்தான் இருக்கும். போய் செய்," என்றேன். என் அனுபவத்தை நம்பி உள்ளே போனாள்.

மோகனா எழுந்து, முடியை முடிந்துகொண்டு, மூன்று அடி நடந்து விழுந்தார். காலிலிருந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். செத்துப்போவார் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். சாகலாம் என்று தெரியும். செத்தால் காமினி தலையில் விழும் என்றும் தெரியும்.

அடக்கத்துக்கு இருவரும் போனோம். காமினி வாசலிலேயே நின்று தேம்பினாள். மோகனாவின் கணவர் சுகுமாரன் அவளை விரட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வந்து அவள் தலையில் கை வைத்தார். "நீ வேணும்னு செய்யலம்மா. அழாத," என்று தண்ணீர் கொடுத்தார். கூடியிருந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற என்னை நீ யார் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

மனசாட்சி உறுத்தித்தான் இங்கே வந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சுகுமாரனிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள். அவர் மனைவியைக் கொன்றது நான். அந்த மன்னிப்பு எனக்கு வரவேண்டியது. அதையும் காமினியே வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.