அழித்த வரி

அன்று மதியம் நான் டீ குடித்தேனா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. குடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். என் ஆய்வு மாணவியோ, நான் கோப்பையைக் கையில் பிடித்தபடியே கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆறி ஆடை படிந்த பிறகும் கீழே வைக்கவில்லை என்று, விசாரிக்க வந்திருக்கும் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதையே எழுதிக்கொள்ளுங்கள். உண்மையில் நடந்தது எது, பிறகு நானாக ஒட்டவைத்தது எது என்று பிரித்துப் பார்க்கும் தைரியம் எனக்குக் குறைந்துவிட்டது.

நான் பல்கலைக்கழகத்தில் இணையக் கொள்கை கற்பிப்பவன். பிள்ளைகளை இணையத்தில் காப்பாற்ற என்ன சட்டம் வேண்டும் என்பது என் ஆராய்ச்சி. நான் கேட்ட சட்டம் சின்னது. முன்பின் தெரியாதவர்கள் ஒரு பிள்ளைக்குச் செய்தி அனுப்பும் கதவு தொடக்கத்திலேயே மூடியிருக்க வேண்டும். வேண்டுமென்றால் பெற்றோர் திறந்துகொள்ளட்டும். கம்பெனிகள் அதைத் திறந்தே வைத்திருந்தன. சட்டக் குழுவின் முன்னால் வருஷக்கணக்காகப் போய் நின்றேன். குழுத் தலைவர் நல்ல மனிதர். ஒவ்வொரு முறையும் என் தோளைத் தட்டி, "நீங்க சொல்றது மனசுக்குப் படுது ப்ரொபசர், கையில ஏதாவது கொண்டு வாங்க" என்பார்.

கையில் கொண்டுபோகத்தான் இந்த ஆய்வு. சம்மதித்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தோம். பாதிப் பேருக்குக் கதவு மூடியிருக்கும், மீதிப் பேருக்கு வழக்கம்போலத் திறந்திருக்கும். போனில் அவர்கள் தட்டுவதெல்லாம் எங்கள் செயலி வழியாக எங்களுக்கு வரும், தட்டிவிட்டு அழித்ததும் உட்பட. பிள்ளைகள் சொன்னதைவிட, சொல்ல வந்து விழுங்கியதே முக்கியம் என்று நான் நம்பினேன். அந்த யோசனைக்காக என்னைப் பல இடங்களில் பாராட்டினார்கள். ஆபத்து என்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லி, அந்தப் பிள்ளையை ஆய்விலிருந்து விலக்க வேண்டும் என்ற விதியையும் நான்தான் எழுதினேன்.

கடைசி நேரத்தில் ஒரு குடும்பம் பின்வாங்கியது. அந்த இடத்தில் என் அக்கா மகளைச் சேர்த்தேன். சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது. ஆனால் பெயரா போடுகிறோம், எண்தானே என்று நினைத்துக்கொண்டேன். யார் எந்த எண் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அக்காவுக்குச் சந்தோஷம். "நாள் பூரா போன்லதான் கெடக்கா. நீயாவது என்னன்னு பாருடா" என்றாள். சீட்டு அக்கா மகளுக்குத் திறந்த கதவு என்று வந்தது.

அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செயலியைப் போட்டுக் கொடுத்தேன். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்வாள் என்பதால் அவளை நான் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

"அழிச்சாலும் தெரியுமா மாமா?"

"ஒரு எழுத்து விடாமத் தெரியும். அதனால என்னத் திட்டி எழுதிட்டு அழிக்காத வக்கீலம்மா."

மறுநாள் அலுவலகத்தில் திரையைத் திறந்தால், யாருக்கும் அனுப்பாமல் அழித்த ஒரு வரி. "மாமா சொட்டைத் தலை." உடனே அவளுக்குப் போன் செய்து, தலையைத் தடவிப் பார்த்துவிட்டேன், இன்னும் பாக்கி இருக்கிறது என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். கொஞ்ச நாள் இது எங்கள் விளையாட்டாக இருந்தது. ஆய்வின் நடுவே அப்படிப் பேசக் கூடாது என்று பிறகு நானே நிறுத்திக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் அவளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டு அவன் வந்தான். வேறு பள்ளியில் ஒரு வகுப்பு மேலே படிக்கும் பையன் என்று சொல்லிக்கொண்டான். பேச்சை முதலில் கவனித்தவள் என் மாணவி. அந்த எண் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. "சார், இது பையன் பேச்சு இல்ல. பழுத்த கை. இன்னைக்கே வீட்டுக்குச் சொல்லணும்" என்றாள். டீக்கோப்பை மதியம் அதுதான். நான் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

சொல்லவில்லை. ஏன் என்று கேட்கிறீர்கள். சொன்னால் அவள் விலக்கப்படுவாள், அவளை எப்படிச் சேர்த்தாய் என்ற கேள்வி வரும். அது ஒரு காரணம், சின்னக் காரணம். பெரிய காரணம் இதுதான். அதுவரை இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. திறந்த கதவு வழியாக வந்தவை பெரும்பாலும் அசட்டு வணக்கங்கள். அதைக் கொண்டுபோனால் குழுத் தலைவர் மறுபடியும் தோளைத் தட்டி அனுப்பிவிடுவார். இந்த ஒரு பேச்சு எங்கே போகிறது என்று பார்த்தால் நாடு முழுக்க உள்ள பிள்ளைகளுக்குக் கதவு மூடப்படும். கைமீறும் முன்னால் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். கைமீறுவது என்றால் எது என்று நான் வரையறுத்திருக்கவில்லை.

மாணவி மறுபடியும் வந்தாள். "வீட்டுல சொல்லிட்டீங்கன்னா ஏன் சார் பேச்சு இன்னும் ஓடுது?"

"போலீஸ்தான் ஓடட்டும்னு சொல்லியிருக்காங்க. நீ இதை விடும்மா, நான் பாத்துக்கறேன்."

போலீசுக்கு ஒன்றும் தெரியாது. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவளை நம்பவைப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அவன் ஒரு படம் கேட்டான். வக்கீலம்மா அனுப்பினாள். பிறகு அந்தப் படத்தைக் காட்டியே மிரட்டத் தொடங்கினான். அப்போதுதான் அந்த வரி வந்தது. யாருடைய பெட்டியிலும் இல்லை; வெறும் குறிப்பெழுதும் பக்கத்தில் தட்டி, உடனே அழித்திருந்தாள்.

"மாமா பாக்கறீங்களா"

மறுநாள், "மாமா ப்ளீஸ்". அதற்கடுத்து வெறுமனே "மாமா". எழுதுவதும் அழிப்பதுமாக, மறுபடி மறுபடி.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரியையும் நாங்கள் வகைப்படுத்த வேண்டும்: பிள்ளை உதவி கேட்டது, கேட்கவில்லை. யாருக்கும் அனுப்பாத வரியைக் கோரிக்கையாகக் கொள்ளக் கூடாது என்பது எங்கள் முறை. கேட்கவில்லை என்ற பக்கத்தில் சேர்த்தேன். அன்று அக்கா வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருந்தாள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வக்கீலம்மா முகத்துக்கு எதிரே உட்கார்ந்து என்னால் சோறு தின்ன முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்தவனுக்கு மற்றதும் தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம்.

அவன் எங்கே வரச் சொன்னான், எப்போது வரச் சொன்னான் என்பதை முந்தின நாளே படித்தேன். இதைத்தான் கேட்க வந்திருக்கிறீர்கள். ஆமாம், படித்தேன். கெட்டிக்காரப் பெண், போக மாட்டாள் என்று நினைத்தேன். அந்த நேரம் வந்தபோது அக்காவின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு வகுப்பறை வாசலில் நின்றேன். மாணவர்கள் எழுந்து நின்றார்கள். போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பிள்ளைகளின் தனியுரிமை பற்றிய பாடம். நன்றாகவே நடத்தினேன்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "இவ குளிச்சிட்டே இருக்காடா. கதவத் தட்டினாலும் வெளிய வரமாட்டேங்கறா. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

எங்களிடம் இருந்த பதிவுகளை வைத்து அவனைச் சீக்கிரமே பிடித்துவிட்டார்கள். அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இல்லன்னா அவனக் கண்டுபுடிச்சிருக்கவே முடியாதுடா தம்பி." நான் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. வக்கீலம்மா அறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முகம் கழுவப் போன பிறகு கிட்டே வந்தாள்.

"மாமா, நான் அழிச்சதெல்லாம் உங்களுக்கு வந்துச்சா?"

"இல்லம்மா. அந்த வாரம் பூரா மெஷின் ரிப்பேர்."

அவள் மூச்சை விட்டாள். என் சட்டைக் கையைத் தொட்டாள். என்னைத் தேற்றுவது போல இருந்தது.

"அதான பாத்தேன்" என்றாள். "அப்ப சரி மாமா."

என் வாழ்க்கையில் யாரும் என் பொய்யை அவ்வளவு நன்றியோடு வாங்கிக்கொண்டதில்லை. இப்போதெல்லாம் நான் எதையும் தட்டிவிட்டு அழிப்பதில்லை. தப்பானால் தப்பாகவே அனுப்பிவிடுகிறேன்.

கட்டுரை வெளிவந்தது. கையில் ஏதாவது கொண்டுவரச் சொன்னவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு குழுவில் பேசினார். சட்டம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கதவு இப்போது மூடியே இருக்கிறது. அவன் சிறையில் இருக்கிறான். அழித்த வரிகளைப் பிறகு ஒருநாள் பார்த்துவிட்ட மாணவி, ஆராய்ச்சியை விட்டு ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் சேர்ந்தாள். சேர்வதற்கு முன் உங்களிடம் வந்தாள். அக்கா வீடு மாற்றிக்கொண்டாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, நீங்கள் சொல்வீர்கள். வக்கீலம்மா வேறு பள்ளிக்குப் போகிறாள், யாரோடும் வாதாடுவதில்லை, போனைத் தொடுவதில்லை.

பாதிக்கப்பட்ட பிள்ளை எந்தப் பெரியவரிடமும் உதவி கேட்கவில்லை என்று என் கட்டுரையில் ஒரு வரி உண்டு. இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். இதெல்லாம் வெளியே வந்த பிறகு அந்த வரியை நீக்கச் சொல்வார்கள். ஆனால் எங்கள் முறைப்படி பார்த்தால், அது தவறில்லை.