பாலத்தின் குறுக்கே நின்ற கார்

என் பெயரும் வீட்டு முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் தனியே எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்திரண்டு. வட்டாரச் சாலைத் திட்ட அலுவலகத்தில் பொறியாளராக வேலை பார்க்கிறேன். எந்தச் சாலையை அகலப்படுத்துவது, எந்தப் பாலத்தை மாற்றிக் கட்டுவது, எந்த நடைபாதையைச் சீர்செய்வது என்று வரும் வருடங்களுக்கான வேலைகளை வரிசைப்படுத்தித் திட்டம் தயாரிப்பது என் பொறுப்பு. பாலத்தை மூடவோ திறக்கவோ எனக்கு அதிகாரம் கிடையாது. அது பராமரிப்புப் பிரிவின் வேலை. பேருந்து நிறுவன மேலாளர் கொடுத்த புகாரில் முக்கியமான வரி அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வரி சரியானது.

சம்பவத்தன்று காலை, ஆற்றின் அக்கரையில் உள்ள பள்ளிக்கூட அரங்கில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் இருந்தது. ஆலைச் சாலையை அகலப்படுத்துவதா, ஆற்றுப் பாலத்தை மாற்றிக் கட்டுவதா, தடுப்பணை வழியாகப் போகும் ஆற்றோர நடைபாதையைச் சீர்செய்வதா, எதை முதலில் எடுப்பது என்பதுதான் பேச்சு. வரைபடங்களைச் சுருட்டிக் காரின் பின் இருக்கையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். என் மாமனார் அக்கரையில் உள்ள கண் மருத்துவரிடம் போக வேண்டியிருந்ததால் அவரும் வந்தார். அவர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலைச் சாலைக்காரர்கள் என்னிடம் கேட்கப்போகும் கேள்விகளை வழி நெடுக அவரே கேட்டு, அவரே பதிலும் சொல்லிக்கொண்டு வந்தார்.

பாலத்தை நெருங்கியபோது, எப்போதும் ஒரே கோடாகத் தெரியும் கைப்பிடிச் சுவர் நடுத்தூணுக்கு மேலே லேசாக இறங்கியிருப்பதுபோல எனக்குப் பட்டது. முந்தின வாரம்தான் ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்திருந்தது. காரை ஓரம் கட்டிவிட்டுக் கரையில் இறங்கிப் பார்த்தேன். தூணின் அடியில் ஒரு பக்கம் மண் அரித்துப்போய், அந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. அரிப்பு எவ்வளவு ஆழம் என்பது கரையில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. அதன் பிறகு மேலே ஏறி வந்து பராமரிப்புப் பிரிவுக்கு போன் செய்தேன். எடுத்த உதவிப் பொறியாளர், ஆட்கள் எல்லாம் வேறு இடத்தில் இருப்பதாகவும், மதியத்துக்கு மேல் வந்து பார்ப்பதாகவும் சொன்னார். அதுவரை பாலத்தை மூடலாமா என்று கேட்டேன். "எழுத்துல அனுப்புங்க மேடம், பாக்கலாம்" என்றார்.

போனை வைக்கும்போது வளைவில் பேருந்து வருவது தெரிந்தது. படியிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். பாலம் ஆபத்தாக இருக்குமோ என்ற சந்தேகத்தில், நான் காரில் ஏறி, அதைப் பாலத்தின் வாயில் குறுக்கே நிறுத்திச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மாமனார் அப்போதும் காருக்குள்தான் இருந்தார்.

"என்னம்மா பண்றே?"

"இறங்குங்க மாமா."

அவர் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

அதன் பிறகு அக்கரையில் பாலத்தை ஒட்டி மரக்கடை வைத்திருப்பவருக்கு போன் செய்தேன். கூட்டத்துக்கு அழைத்த வகையில் அவருடைய எண் என்னிடம் இருந்தது. ஆலைச் சாலைக்காக ஊரைத் திரட்டியவர் அவர்தான். என் திட்டத்தைப் பற்றி அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் நான் பேசி முடிப்பதற்குள், நீளமான மரங்களை உருட்டிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தை அடைக்கும்படி கடை ஆட்களிடம் கத்துவது போனிலேயே கேட்டது.

பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் ஒலிப்பானை அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "ஏம்மா, இது என்ன உங்க வீட்டு வாசலா? வண்டிய எடுங்க" என்றார். நான் பார்த்ததைச் சொன்னேன்.

"நேத்து சாயங்காலம்கூட இதுலதானே போனேன்? ஒண்ணும் ஆகலையே!"

"நேத்து ஆகலைண்ணே. இன்னைக்கும் ஆகாதுன்னு என்னால சொல்ல முடியல."

"அப்போ விழும்னு சொல்றீங்களா?"

"அதுவும் சொல்ல முடியல."

பேருந்துக்குள் சிரித்தார்கள். காரைத் தள்ளி ஓரம் கட்டிவிடலாம் என்று யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் இறங்கி வந்தார்கள். மாமனார் காரின் முன்பக்க மூடியின் மேல் ஏறி உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, "தள்றதுன்னா என்னையும் சேத்துத் தள்ளுங்கப்பா" என்றார். யாரும் தள்ளவில்லை.

அப்போது ஓர் அம்மாள் தன் கணவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். அவர் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டதாகவும், அன்று அக்கரை மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரிக்க அவருடைய முறை என்றும் சொன்னார். "பாலம் விழுதோ இல்லையோ, இவரு விழுந்துருவாரு. அதுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?" என்று கேட்டார். சுற்றுச் சாலை வழியாகப் போனால் நேரமாகி அவருடைய முறை தவறிவிடும். கணவர் பேருந்தின் படியில் உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருடைய கணுக்கால் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு நேரத்தில் சாவியை வெளியே எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எடுத்த சாவியால் கார்க் கதவைத்தான் திறந்தேன். வரைபடத்தை எடுத்துக் காரின் மேல் விரித்து, ஓட்டுநரிடம் நடைபாதையைக் காட்டினேன். அது கரையோடு கீழே போய், தடுப்பணையின் மேல் உள்ள நடைமேடையைக் கடந்து, பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஏறும். நடைமேடை தண்ணீருக்கு நல்ல உயரத்தில் இருந்தது, இரும்புக் கைப்பிடியும் உறுதியாக இருந்தது. ஆனால் அதுவரை போகும் வழி முள்ளும் சேறுமாகக் கிடந்தது. ஓட்டுநர் வரைபடத்தைப் பார்க்கவில்லை, படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். பிறகு என்ஜினை அணைத்துவிட்டு, நடத்துநரைப் பார்த்து, "அந்த டிக்கெட் கொட்டகையில நாற்காலி கிடக்கும், தூக்கிட்டு வாய்யா" என்றார்.

அதன் பிறகு ஓட்டுநரும் நடத்துநரும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டார்கள். மாமனார் குடையால் முள்ளை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். அந்த அம்மாள் மருத்துவப் பையோடு பின்னால் வந்தார். பயணிகளில் பாதிப் பேர் அவருக்குப் பின்னால் வந்தார்கள். காருக்குக் காவலாக மீதிப் பேர் நின்றுகொள்வதாக அவர்களே சொன்னார்கள். நடைபாதையின் படிக்கட்டு உடைந்த இடத்தில் ஓட்டுநர் முழங்கால் வரை சேற்றில் இறங்கி, செருப்பைப் பறிகொடுத்து, மூச்சு வாங்க நின்றார். நாற்காலியில் இருந்தவர் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "என்னைய இறக்கி விடுங்க தம்பி, நான் வேணா உங்களத் தூக்கிட்டுப் போறேன்" என்றார். அவருடைய மனைவி சிரித்துவிட்டார். அதன் பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கும் வரை நாற்காலியைத் தூக்க முடியவில்லை.

அக்கரையில் மரக்கடைக்காரர் தன் சிறிய சரக்கு வண்டியோடு நின்றிருந்தார். அவரே அவர்களை ஏற்றிக்கொண்டுபோய் மருத்துவமனையில் விட்டுத் திரும்பினார். பள்ளிக்கூட அரங்கில் காத்திருந்தவர்கள் எல்லாம் அதற்குள் நடைபாதை முடியும் இடத்துக்கு இறங்கி வந்துவிட்டதால், கூட்டத்தை அங்கேயே நடத்தினேன். பாலத்தை மாற்றிக் கட்டத் தொடங்கினால் வருடக்கணக்கில் இதுபோலத்தான் கடக்க வேண்டியிருக்கும், அதனால் நடைபாதையை முதலிலும் பாலத்தை அடுத்தும் எடுக்கலாம் என்று சொன்னேன். சேறு பூசிய கால்களோடு நின்றவர்கள் உடனே கையைத் தூக்கினார்கள். மரக்கடைக்காரர் கடைசியாகத் தூக்கினார். "தூக்குறேன். ஆனா ஆலைச் சாலைய மறந்தீங்கன்னா, இந்த மரத்தையெல்லாம் உங்க ஆபீஸ் வாசல்ல கொண்டாந்து போட்டுருவேன்" என்றார். நிகழ்ச்சிக் குறிப்பில் இதையும் அப்படியே எழுதச் சொன்னேன்.

மதியத்துக்கு மேல் பராமரிப்புப் பிரிவினர் வந்து முறைப்படி பாலத்தை மூடினார்கள். காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மாமனார் கண் மருத்துவரைப் பார்க்கவில்லை. நடந்ததை என் கணவரிடம் அவரே சொன்னார், சொல்லச் சொல்ல முள் உயரமாக வளர்ந்துகொண்டே போனது. சாயங்காலம் அந்த அம்மாள் போன் செய்தார். "படுத்திருக்காரு. பசிக்குதுங்கிறாரு" என்றார். அவ்வளவுதான் பேசினார். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

சில நாட்கள் கழித்து ஆட்கள் தண்ணீரில் இறங்கி ஆய்வு செய்ததில், நடுத்தூணின் அடித்தளம் ஒரு பக்கம் அரிக்கப்பட்டிருப்பது தெரிந்து, கனரக வாகனங்களுக்குத் தடை விதித்தார்கள். அன்று பேருந்து போயிருந்தால் பாலம் தாங்கியிருக்குமா என்று ஆய்வு செய்தவரிடம் கேட்டேன். தாங்கியிருக்கலாம் என்றார்.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாக பேருந்து நிறுவன மேலாளர் சொல்வதாகக் காவல் ஆய்வாளர் தெரிவித்தார். பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். காரை நிறுத்தியதற்கு வருந்துவதாக என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. மேற்படி ஓட்டுநர் போன வாரம் நடைபாதை வேலை நடக்கும் இடத்துக்கு வந்து, புதுப் படிகளில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் சாட்சி சொல்ல வருவதாகச் சொன்னார். எந்தப் பக்கத்துக்கு என்று கேட்டேன். "நடந்ததச் சொல்லுவேன்" என்றார். எனக்கு அது போதும்.

இதை எழுதிய காவலர் முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார். நான் காரை நிறுத்திய இடத்தில், "பாலம் ஆபத்தான நிலையில் இருந்ததால்" என்று எழுதியிருந்தார். அப்படி இருந்தால் எனக்கு நல்லது என்றும் சொன்னார். அதை அடித்துவிட்டு, "ஆபத்தாக இருக்குமோ என்ற சந்தேகத்தில்" என்று மாற்றும்படி கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவரும் மாற்றினார். இப்போது இதில் உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடி, யாரும் சொல்லித் தராமல் நானே சொன்னது. திருத்தத்தின் பக்கத்தில் ஒன்றும், இங்கே ஒன்றுமாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)